முந்திரி ஓடும் சூரிய கிரணமும்

பாயஸத்தில் மிதக்கும் முந்திரிப் பருப்பின் பெருமையை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் பருப்பை மூடியிருந்த ஓட்டைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம். வெயிலின் கொடுமையிலிருந்து சருமத்தைக் காக்கும் பூச்சுக்கு அந்த ஓடு மூலப்பொருளாகலாம் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

கடலூர் ஜில்லாவில் அண்ணாகிராமம், பண்ருட்டிப் பக்கம் சென்றவர்கள் செம்மண் பூமியில் பலாவும் முந்திரியும் செழித்திருப்பதைக் கண்டிருப்பார்கள். முந்திரி நம் நாட்டு மரமன்று. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேஸிலிலிருந்து கொண்டுவந்தது. வந்த மரமே இவ்வட்டாரத்து ஜனங்களுக்கு ஜீவனமாகிவிட்டது. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயலில் தோப்புத் தோப்பாக முந்திரி மரங்கள் சாய்ந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் கதிகலங்கி நின்றன.

கொட்டை உடைக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். ஓட்டினுள்ளே தேன்கூடு போன்ற சிறு அறைகளில் ஒருவித எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் வெந்து உரியும். அதற்காகவே சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டு உட்காருகிறார்கள். முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம் என்றால் பாட்டிமார்களுக்கு விஷயம் விளங்கிவிடும்! ஓட்டின் எடையில் ஏறக்குறைய 4-ல் ஒரு பங்கு இந்த எண்ணெய்தான். செல் அரிக்காதிருக்க மரத்துக்கும் படகுக்கும் இதைப் பூசுவதுண்டு. வர்ணங்களிலும் மோட்டார் வண்டியின் பிரேக்கிலும்கூட இது சேருகிறது.

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கிரணங்கள் உண்டு. ஒரு வகை சருமத்தை மேலாகச் சுடும். மற்றொரு வகை ஆழச் சென்று சுருக்கத்தை உண்டாக்கும். இரண்டுமே புற்றுநோய்க்கு வழி வகுக்கக் கூடியவை. இவற்றைத் தடுக்கும் பூச்சுகளில் சேரும் ரசாயனங்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து பிறந்தவை. அவற்றுள் இரண்டு பவளப் பாறைகளுக்குத் தீங்கு செய்வதாகக் கருதி, ஹவாய்த் தீவுகளில் 2018-ல் சட்டம் செய்து, 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்துவிட்டார்கள்.

இதற்கு மாற்றுத் தேடியவர்களில் ஒருவர், தில்லையாடி வள்ளியம்மை பிறந்த ஜோகான்னஸ்பர்க் நகரத்தின் விட்வாட்டர்ஸ்ராண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் டி கோனிங். அவரும் ஜெர்மனி, மலாவி, டான்சானியா தேசத்து விஞ்ஞானிகளும் முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து புதிய சேர்மங்களைச் செய்து, அவை இருவகைக் கிரணங்களையும் உறிஞ்சுவதை 2019-ல் வெளியிட்டார்கள். எண்ணெயிலுள்ள பீனால்களின் கார்பன் வளையமே இதற்கு அஸ்திவாரம்.

பஞ்சைக் கொடுத்துத் துணியை வாங்கிய பழைய கதை நமக்கு மறந்திருக்காது. ஓடு இங்கே மலிந்து கிடக்க, அதன் சத்து கடல் கடந்து போய்ச் சிறு புட்டியில் பெருவிலையோடு திரும்பி வரவேண்டுமா? அண்ணாகிராமத்துக்கு வெகு தூரமில்லாத சிதம்பரத்திலே, 1929-ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக் கழகம் இருக்கிறது. இத்தகைய ஆராய்ச்சியும் தொழிலும் இவ்வட்டாரத்திலேயே வளருமானால், கை வெந்து கொட்டை உடைக்கும் பெண்களுக்கும் கூலி சற்று உயர வழியுண்டு.

ஓர் எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் முந்திரி ஓட்டைப் பிழிந்து முகத்தில் பூசிக்கொள்ள வேண்டாம், கொப்புளந்தான் மிஞ்சும். பூச்சுக்கு ஏற்றது அந்த எண்ணெயன்று. ரசாயன சாலையில் அதிலிருந்து மாற்றிச் செய்யும் பொருளே. அதுவும் தீங்கற்றதென்று சோதனையில் தேறிய பிறகுதான் கடைக்கு வர முடியும். அதுவரை நடுப்பகல் வெயிலுக்குக் குடையே போதும்.