எட்டாத கோணத்தை அளப்பது எப்படி?

கோடு போட்ட நோட்டில் ஏதாவது இரண்டு வரிகளைப் பேனாவால் அழுத்தி வரையுங்கள். அவற்றின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுங்கள். வரிகள் இரண்டும் இணைகோடுகள்; சாய்ந்தது குறுக்குவெட்டி. சந்திப்புக்கு நான்காக மொத்தம் எட்டுக் கோணங்கள் கிடைக்கும். பாகைமானியால் ஒன்றை மட்டும் அளந்தால் போதும். அது 65 பாகை என்றால், எட்டில் நான்கு 65, மீதி நான்கு 115.

ஏன் இப்படி? மேல் சந்திப்பை டிரேசிங் தாளில் நகலெடுத்து, குறுக்குவெட்டி வழியாகவே தாளைக் கீழே நகர்த்துங்கள். கீழ்ச் சந்திப்பின் மேல் அச்சாகப் பொருந்தும். இப்படி ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் ஜோடிகளே ஒத்த கோணங்கள். குத்தெதிர்க் கோணங்கள் எப்போதும் சமம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒன்றுவிட்ட உட்கோணங்களும் சமம் என்பது தானே வந்துவிடும். ஆங்கில இசட் எழுத்தின் இரண்டு மூலைகளில் இருப்பவை இவை. குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கம் உள்ள உட்கோணங்கள் கூடி 180 ஆகும். கோடுகள் இணையாக இல்லையென்றால் தாள் பொருந்தாது. மூலைமட்டத்தை ஸ்கேல் ஓரமாகச் சறுக்கி இணைகோடு வரைகிறோமே, அது இதையே திருப்பிப் போட்ட வித்தை: கோணம் மாறவில்லை, அதனால் கோடுகள் இணை.

ஆக, ஓரிடத்துக் கோணத்தை வேறோர் இடத்தில் நின்று அளக்கலாம். கை எட்டாத இடமானாலும் சரி.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸ் செய்தது இதைத்தான். எகிப்தின் தெற்கே சயீன் என்ற ஊர், இன்றைய அஸ்வான். ஆண்டின் மிக நீண்ட பகலன்று உச்சிவேளையில் அங்கே கிணற்றின் அடிவரை வெயில் நேராக இறங்கும் என்பார்கள். அதே வேளையில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழுந்தது. கம்புக்கும் கதிருக்கும் இடையே இருந்த கோணம் ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை.

சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் இரண்டு ஊர்களிலும் விழும் கதிர்கள் இணைகோடுகள். கிணற்றில் இறங்கிய கதிரைக் கீழே நீட்டினால் பூமியின் மையத்தைத் தொடும். கம்பை நீட்டினாலும் அங்கேதான் போய்ச் சேரும். கம்புதான் குறுக்குவெட்டி. கம்பின் நுனியில் உள்ள கோணமும் பூமியின் மையத்தில் உள்ள கோணமும் ஒன்றுவிட்ட உட்கோணங்கள், எனவே சமம். அப்படியானால் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் பூமியின் சுற்றளவில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தத் தூரத்தை ஸ்டேடியா என்ற அக்கால நீள அளவில் 5,000 என்று வைத்து, 2,50,000 ஸ்டேடியா என்று விடை கண்டார்.

இன்று நாம் அறிந்த சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அதில் ஐம்பதில் ஒரு பங்கு 800. அலெக்சாந்திரியாவுக்கும் அஸ்வானுக்கும் இடையே நேர்தூரம் இதைவிடச் சற்றே கூடுதல். காரணம், இரண்டும் ஒரே தீர்க்கரேகையில் இல்லை.

'எக்ஸ் கோணத்தைக் காண்க' என்று கணக்குப் புத்தகம் கேட்கும். எரடோஸ்தனிஸின் எக்ஸ் காலடியில் சுமார் 6,400 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. அவர் அதைத் தரைமேல் நிழலில் அளந்தார்.