போகும் நேரமும் திரும்பும் நேரமும்

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 5,550 கி.மீ. லண்டனிலிருந்து நியூயார்க் செல்லும் விமானத்துக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகிறது. திரும்பி வர ஏழு மணி நேரம் போதும். தொலைவு ஒன்றே; விமானமும் ஒன்றே. நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

"பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, அதனால்தான்" என்று பலர் கூறுவதுண்டு. சற்றுச் சிந்தியுங்கள். விமானத்தை வானில் விட்டுவிட்டுப் பூமி மட்டும் சுழன்றால், நியூயார்க் அல்லவா விமானத்தை நோக்கி வரவேண்டும்? மேற்கே செல்லும் பயணம்தான் விரைவில் முடியவேண்டும். நடப்பதோ இதற்கு நேர்மாறு. பூமியோடு வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றில்தான் பறக்கிறது.

உண்மைக் காரணம் 'ஜெட் காற்றோட்டம்' ஆகும். வெப்ப மண்டலக் காற்றுக்கும் துருவப் பகுதியின் குளிர்ந்த காற்றுக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாட்டால் இது தோன்றுகிறது. பூமியின் சுழற்சி இதைக் கிழக்கு நோக்கித் திருப்புகிறது. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் ஓடும் இந்தக் காற்றாற்றின் வேகம், குளிர்காலத்தில் சில வேளைகளில் மணிக்கு 300 கி.மீ.-ஐயும் தாண்டும். ஆற்றோட்டத்தோடு செல்லும் பரிசல் விரைவதும், எதிர்த்துச் செல்லும் பரிசல் திணறுவதும் நாம் அறிந்ததே.

போகும்போது இழந்த நேரத்தை வரும்போது முழுவதும் மீட்டுவிடலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். தொலைவு 5,600 கி.மீ., காற்றைச் சார்ந்த விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 100 கி.மீ. எனக் கொள்வோம். எதிர்காற்றில் தரையைச் சார்ந்த வேகம் 800 கி.மீ.; நேரம் 7 மணி. பின்காற்றில் 1,000 கி.மீ.; நேரம் 5 மணி 36 நிமிடம். மொத்தம் 12 மணி 36 நிமிடம். காற்றே இல்லையென்றால் ஏறத்தாழ 12 மணி 27 நிமிடம்தான்! எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது. ஆகவே இழப்பே மிஞ்சுகிறது. அந்த ஒன்பது நிமிடங்களுக்கும் எரிபொருள் வேண்டும் அல்லவா?

இதனால்தான் மேற்கே செல்லும் விமானங்கள், வழி சற்று நீண்டாலும், இக்காற்றோட்டத்தை விலகிச் செல்கின்றன. கிழக்கே வருபவை அதைத் தேடிச் சேர்கின்றன. மிகக் குறுகிய வழி எப்போதும் மிக விரைவான வழி அன்று.

2020 பிப்ரவரியில் வலிமைமிக்க காற்றின் உதவியால், பயணிகள் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 1,120 கி.மீ. அந்த உயரத்தில் ஒலியின் வேகமோ சுமார் 1,060 கி.மீ. அப்படியானால் விமானம் ஒலியை முந்திவிட்டதா? இல்லை. சுற்றியுள்ள காற்றைச் சார்ந்து அது ஒலியைவிடக் குறைந்த வேகத்திலேயே பறந்தது. மீதியைத் தந்தது காற்று.

விமான நேர அட்டவணை கிடைத்தால் நீங்களும் கணக்கிடலாம். இரு திசைகளிலும் தரையைச் சார்ந்த வேகத்தைக் கண்டு, வேறுபாட்டில் பாதியை எடுங்கள். அதுவே காற்றின் சராசரி வேகத்துக்கு ஒரு தோராய மதிப்பு. லண்டன் கடிகாரம் நியூயார்க்கைவிட வழக்கமாக ஐந்து மணி நேரம் முந்தியது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்!