வைத்தியசாலையில் விழுதலைத் தடுத்தல்: நோயாளியின் பங்கு

மாணவர்களே, விபத்துத் தடுப்பு என்றதும் வீதி விபத்தை எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுகிறீர்கள். தற்செயலான காயங்களால் உலகில் ஏற்படும் மரணங்களில் அதற்கு அடுத்த இடம் விழுதலுக்கே உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கின்றனர். நோய் தீர்க்கும் இடமான வைத்தியசாலையிலும் விழுதல் நிகழ்கின்றது.

உங்கள் அம்மம்மா விடுதியில் அனுமதிக்கப்பட்டிருக்கிறார் எனக் கொள்வோம். நெடுநேரம் படுத்திருந்தவர் சட்டென எழும்பும்போது குருதி கால்களை நோக்கி இறங்குகிறது. எழுந்து 3 நிமிடங்களுக்குள், இதயம் சுருங்கும்போதுள்ள குருதியமுக்கம் 20 மில்லிமீற்றர் இரசமோ அதற்கு மேலோ குறைந்தால் அது நிலைசார் தாழ் குருதியமுக்கம் எனப்படும். மூளைக்குச் செல்லும் குருதி குறைய, தலை சுற்றும். குருதியமுக்க மாத்திரைகள் சில இதனை மேலும் கூட்டும். நித்திரை மாத்திரை தள்ளாட வைக்கும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையோ அடிக்கடி எழுப்பும். போதாததற்கு சேலைன் குழாய், வழுக்கும் செருப்பு, பழக்கமில்லாத இருட்டு.

இவையெல்லாம் தாதியருக்குத் தெரியும். அம்மம்மாவுக்குத் தெரியுமா? சிக்கல் இங்கேதான். "மிஸ்ஸுக்கு ஏன் கரைச்சல்" என்று எண்ணி, இரவில் தனியே மலசலகூடத்துக்குப் புறப்படுகிறார்.

அமெரிக்காவின் பொஸ்டன், நியூயோர்க் நகர வைத்தியசாலைகளில் 14 விடுதிகளில் ஒரு முறையைக் கையாண்டு பார்த்தனர். தாதி, நோயாளி, உறவினர் மூவருமாக அந்த நோயாளி விழக்கூடிய காரணங்களையும் அவற்றுக்குச் செய்யவேண்டியவற்றையும் குறித்து, கட்டிலருகே பார்வைக்கு வைத்தனர். எல்லோருக்கும் ஒரே அறிவுரை அல்ல. ஒருவருக்கு ஊன்றுகோல், இன்னொருவருக்கு மலசலகூடம் செல்லத் துணை. 37,000 இற்கும் அதிகமான நோயாளர்களை உள்ளடக்கிய இந்த ஆய்வு 2020 இல் வெளியானது. விழுதல் 15 சதவீதத்தாலும், காயம் ஏற்படுத்திய விழுதல் 34 சதவீதத்தாலும் குறைந்திருந்தன.

துணைக்கு நிற்கும் உங்களுக்கும் இதில் வேலை உண்டு. அம்மம்மா முன்னர் வீட்டில் விழுந்திருந்தால் அதைத் தாதியிடம் கூறுங்கள். வெட்கப்பட்டு அவர் மறைத்திருக்கலாம். எழும்புமுன் கட்டில் ஓரத்தில் சிறிது நேரம் உட்காரச் சொல்லுங்கள். தண்ணீர், கண்ணாடி என்பன கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நினைவு தடுமாறும் நோயாளிக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தல் போதாது, அருகில் ஆள் வேண்டும்.

மாதிரி வினா: வைத்தியசாலையில் தான் விழாமலிருக்க நோயாளி செய்யக்கூடியவை இரண்டைக் காரணத்துடன் விளக்குக. ("கவனமாக இருத்தல்" என்பது விடையாகாது, எப்போது, என்ன செய்வார் என எழுதுங்கள்.)