80 விமானங்களை வீழ்த்திய 'ரெட் பேரன்'... அவரை வீழ்த்தியது யார்? வானில் நடந்த அந்தக் கடைசி நிமிடங்கள்!

முதல் உலகப் போரில் எதிரி நாட்டு விமானங்கள் 80-ஐ வீழ்த்தியவர் ஜெர்மனியின் மான்ஃப்ரெட் வான் ரிக்தோஃபன். அந்தப் போரில் வேறு எந்த விமானியும் எட்டாத எண்ணிக்கை இது. அப்படிப்பட்டவரின் உயிரைப் பறித்தது ஒரே ஒரு தோட்டா. 1918 ஏப்ரல் 21-ம் தேதி நடந்த சம்பவம் இது. நூறு வருஷம் தாண்டியும், அந்தத் தோட்டா யாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தது என்ற வாதம் மட்டும் ஓயவே இல்லை. அன்று என்னதான் நடந்தது?

யார் இந்த ரெட் பேரன்?

1892 மே 2-ம் தேதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர் ரிக்தோஃபன். இப்போது அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் 'பேரன்' பட்டம். ஆரம்பத்தில் குதிரைப்படை வீரர். பதுங்கு குழியும் முள்கம்பியும் வந்த பிறகு போர்க்களத்தில் குதிரைக்கு வேலையே இல்லாமல் போனது. அதனால் விமானப் பிரிவுக்கு மாறினார். 1916 செப்டம்பரில் முதல் வெற்றி.

1917-ல் தன் விமானத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார். ஒளிந்து பறப்பதற்குப் பதிலாக, 'நான்தான் வர்றேன்' என்று எதிரிக்குச் சொல்லிக்கொண்டே பறந்தார். 'ரெட் பேரன்' என்ற பெயர் வந்தது அதனால்தான். அவர் தலைமையில் இருந்த படையினரும் விமானங்களுக்கு விதவிதமான வண்ணங்கள் பூசியதால், அந்தப் படைக்கு 'பறக்கும் சர்க்கஸ்' என்று பெயர் கிடைத்தது.

ரெட் பேரன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மூன்று அடுக்கு இறக்கை கொண்ட ஃபோக்கர் விமானம். ஆனால் அவரது 80 வெற்றிகளில் 19 மட்டும்தான் அந்த விமானத்தில் கிடைத்தவை.

ஏப்ரல் 21 காலையில் நடந்தது என்ன?

அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸின் சோம் ஆற்றுப் பகுதியில் காலையில் மூடுபனி. அது விலகியதும் காப்பி என்ற இடத்தில் இருந்த விமானத் தளத்திலிருந்து ரிக்தோஃபன் தன் குழுவுடன் கிளம்பினார். முந்தைய நாள்தான் 79-வது, 80-வது வெற்றிகளைப் பெற்றிருந்தார்.

குழுவில் அவரது உறவினர் வோல்ஃப்ராமும் இருந்தார். புதியவர். 'சண்டை வந்தால் உள்ளே வராதே, ஒதுங்கி நில்' என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருந்த உத்தரவு.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். பிரிட்டனின் 209-வது ஸ்குவாட்ரனில் வில்ஃப்ரிட் மே என்ற கனடா இளைஞர் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவருக்கும் 'ஒதுங்கி நில்' என்றே சொல்லியிருந்தார் அவரது கேப்டன் ராய் பிரவுன். அவரும் கனடாக்காரர்தான்.

சண்டை தொடங்கியது. மே சும்மா இருக்கவில்லை, வோல்ஃப்ராமைத் தாக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் அவரது துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. தப்பித்தால் போதும் என்று தன் எல்லையை நோக்கித் திரும்பினார். அதை ரிக்தோஃபன் பார்த்துவிட்டார். சிவப்பு விமானம் மேயின் பின்னால் பாய்ந்தது.

சோம் ஆற்றை ஒட்டி, மரங்களைத் தொடும் உயரத்தில் நடந்தது அந்தத் துரத்தல். அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்று தனக்கே தெரியாமல் பறந்ததால்தான் ரிக்தோஃபனால் தன்னைக் கணிக்க முடியவில்லை என்று மே பின்னாளில் சொன்னார். அனுபவமின்மையே அன்று அவரைக் காப்பாற்றியிருக்கிறது!

நண்பர் மாட்டிக்கொண்டதைப் பார்த்த பிரவுன், மேலிருந்து சரேலெனப் பாய்ந்து ரிக்தோஃபனை நோக்கிச் சுட்டார். தரையில் மோதிவிடாமல் இருக்க உடனே விலகினார். ரிக்தோஃபன் துரத்தலை நிறுத்தவில்லை. அப்படியே ஆஸ்திரேலியப் படைகள் இருந்த மோர்லான்கோர் மேட்டுப்பகுதிக்கு மேல் வந்துவிட்டார். கீழிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின.

மணி காலை 10.45-ஐ நெருங்கியபோது அவர் உடலில் தோட்டா பாய்ந்தது. அந்த நிலையிலும் விமானம் தலைகுப்புற விழவில்லை. சாலையோரம் இருந்த ஒரு பீட்ரூட் வயலில் தட்டுத்தடுமாறி இறங்கியது. ஓடிப்போன வீரர்களில் சிலர், அவர் கடைசியாக ஏதோ முணுமுணுத்ததாகவும், அதில் 'கபுட்' என்ற ஜெர்மன் சொல் மட்டும் புரிந்ததாகவும் சொன்னார்கள். 'எல்லாம் முடிந்தது' என்று பொருள்படும் சொல் அது. 26-வது பிறந்தநாளுக்கு இன்னும் 11 நாள்தான் பாக்கி.

சரி, சுட்டது யார்?

பிரிட்டிஷ் விமானப்படை இந்த வெற்றியைப் பிரவுன் கணக்கில் எழுதியது. பதக்கமும் கொடுத்தது. ஆனால் காயம் வேறு கதை சொல்கிறது.

தோட்டா வலது அக்குள் பக்கம் நுழைந்து, மேல்நோக்கிப் போய், இடது மார்பு வழியாக வெளியேறியிருக்கிறது. பிரவுன் சுட்டது மேலிருந்து, இடது பின்புறத்திலிருந்து. தவிர, இப்படி ஒரு காயத்துடன் அரை நிமிடம் தாக்குப்பிடிப்பதே கஷ்டம். பிரவுன் சுட்ட பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் ரிக்தோஃபன் துரத்திக்கொண்டுதான் இருந்தார். இந்தக் கணக்கு இடிக்கிறது.

அப்படியென்றால் தரையிலிருந்து வந்த தோட்டாதான். இதில் மூன்று பேர் பெயர் அடிபடுகிறது. ராபர்ட் பூயி, வில்லியம் எவன்ஸ் இருவரும் பீரங்கிப் படையைச் சேர்ந்த துப்பாக்கி வீரர்கள். விமானம் தங்களை நோக்கி நேராக வரும்போது சுட்டவர்கள். அப்படியானால் காயம் முன்பக்கம் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

மூன்றாவது நபர் சார்ஜென்ட் செட்ரிக் பாப்கின். இவர் இரண்டு முறை சுட்டார். இரண்டாவது முறை சுட்டபோது, ரிக்தோஃபன் திரும்பித் தன் எல்லையை நோக்கிப் போக முயன்றார். அப்போது விமானத்தின் வலது பக்கம் பாப்கினுக்கு நேராக இருந்தது. கோணம், நேரம் இரண்டும் பொருந்துவதால், இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கைகாட்டுவது பாப்கினைத்தான்.

ஆனாலும் 'இவர்தான்' என்று அடித்துச் சொல்ல முடியாது. காரணம், எல்லோருடைய துப்பாக்கியிலும் இருந்தது ஒரே .303 ரகத் தோட்டா. உடலை மருத்துவர்கள் வெளிப்புறமாகத்தான் பரிசோதித்தார்கள், முழுமையான பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. விமானத்தையும் ஞாபகார்த்தம் வேண்டி வீரர்கள் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இவ்வளவு அனுபவம் இருந்தும் எப்படிச் சிக்கினார்?

எதிரியைப் பிடிவாதமாகத் துரத்திக்கொண்டு அவன் எல்லைக்குள் போகக் கூடாது என்பது ரிக்தோஃபன் தன் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை அன்று அவரே மீறினார். வழக்கமாக மேற்கிலிருந்து வீசும் காற்று அன்று கிழக்கிலிருந்து வீசியதால், நினைத்ததைவிட அதிக தூரம் தள்ளிப்போய்விட்டார் என்பது ஒரு விளக்கம்.

இன்னொரு விளக்கம், தலைக்காயம். 1917 ஜூலையில் ஒரு தோட்டா அவர் தலையை உரசிச் சென்றது. சில வாரங்களிலேயே மறுபடி பறக்க வந்துவிட்டார். அதன் பிறகு தலைவலியும் குமட்டலும் அவரை விடவில்லை. அந்தக் காயம் அவருடைய முடிவெடுக்கும் திறனைப் பாதித்திருக்கலாம் என்று மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஓய்வெடுத்திருந்தால் தப்பித்திருப்பாரோ என்னவோ.

எதிரிகள் கொடுத்த மரியாதை

மறுநாள் பெர்டாங்கிள் கிராமத்தில் ஆஸ்திரேலிய விமானப் படையினர் முழு ராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தனர். சக அதிகாரிகள் சவப்பெட்டியைச் சுமந்தனர், குண்டுகள் முழங்கின. அவர் உடல் பிறகு ஃப்ரிகூர், பெர்லின் என்று இடம் மாறி, 1975 முதல் வீஸ்பாடன் நகரில் குடும்பக் கல்லறையில் இருக்கிறது.

அன்று உயிர் தப்பிய மே, கனடா திரும்பி விமானியாகவே வாழ்ந்தார். 1929 ஜனவரியில் வடக்குக் கனடாவில் தொண்டை அடைப்பான் நோய் பரவும் அபாயம் வந்தபோது, கடும் குளிரில் திறந்த விமானத்தில் மருந்தை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவர் இந்த மேதான். 81-வது வெற்றியாக ரிக்தோஃபனின் கணக்கில் ஏறியிருக்க வேண்டியவர்!