காலணாவுக்குப் புளி வேண்டாம்

பழைய செப்புக் காசின் மேல் தெரியும் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம் அது. அடியிலுள்ள உலோகத்தை மேலும் அரிக்கவிடாமல் அதுவே காக்கிறது. வெள்ளிக் காசு கறுப்பது காற்றில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்களால். மேற்பரப்பிலுள்ள வெள்ளியே வெள்ளி சல்பைடாக மாறிவிடுகிறது. ஆகவே கறுப்பைத் தேய்த்து எடுத்தால் காசின் வெள்ளியும் கூடவே போகும்.

குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கலாம். காலணாவை அப்படி விளக்கக் கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றிலும் உள்ள அமிலம் படலத்தைக் கரைத்து, செம்பை இயல்பற்ற இளஞ்சிவப்பாக்கிவிடும். சாம்பலும் பற்பசையும் நுண்ணிய கீறல்களை விட்டுச்செல்லும். உருப்பெருக்கியில் பார்க்கும் சேகரிப்பாளருக்கு அது உடனே தெரியும்; விலையும் இறங்கும். போன பளபளப்பை மீட்க முயலாமல், மேலே ஒட்டிய மண்ணையும் பிசுக்கையும் மட்டும் நீக்குவதே சரி.

மண்ணுக்குக் காய்ச்சி வடித்த நீர் போதும். குழாய் நீரில் குளோரின் இருப்பதால் அது உகந்ததல்ல. காசை ஒரு நாள் ஊறவிட்டு, நீர் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். இளகிய மண்ணைப் பல்குத்தும் மரக்குச்சியால் மெல்லத் தள்ளலாம். பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு, பசை, பிவிசி உறையில் வைத்ததால் படிந்த பச்சைப் பிசின் ஆகியவற்றுக்குத் தூய அசிட்டோன் ஏற்றது. அது உலோகத்தைத் தொடாது, ஆனால் எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கு எட்டத்தில், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில்தான் கையாள வேண்டும்.

அலுமினியத் தாளின் மேல் வெள்ளிக் காசை வைத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால் கறுப்பு நீங்கும். கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிட, வெள்ளி மீளும். ஆனால் காசு உயிரற்று வெளிறித் தோன்றும். அதனால் அரிய காசுகளில் இதைச் செய்யாதிருப்பதே நல்லது. பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் 1939 வரை 91.7 சதவீதம் வெள்ளி இருந்தது. 1940 முதல் பாதிதான். பாதி வெள்ளிக் காசில் செம்பும் கணிசமாக இருப்பதால் இம்முறையைத் தவிர்க்கலாம்.

செப்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் கவனம் தேவை. குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து தின்கின்றன என்பதற்கு அது அடையாளம். அக்காசைத் தனியாகப் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்ட வேண்டும்.

கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்தவை போன்ற சங்ககாலக் காசுகளை வீட்டில் சுத்தம் செய்யவே கூடாது. சேரரின் வில்லும் அம்பும் அரிப்புப் படலத்திலேயே பதிந்து நிற்கக்கூடும். படலம் போனால் சின்னமும் போய்விடும். மண்ணில் புதைந்து கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.