வெறும் 5 லிட்டரில் கைநழுவும் ரேஸ்... பிட் ஸ்டாப் கணக்கு தெரியுமா?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் டீம் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, 'எண்டூரன்ஸ் ரேஸ்னா என்ன?' என்று நீங்களும் தேடிப் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் போர்ஷே வைத்திருப்பவர்கள் சமாசாரம் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' ரேஸுக்கு, பாதுகாப்புச் சாதனங்கள் நீங்கலாக 500 டாலருக்குள் தேற்றிய ஓட்டை கார் போதும். நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு வாங்கி, மாறி மாறி ஓட்டுவார்கள்.

அதிக லேப் ஓட்டிய டீமுக்கே வெற்றி. அதனால், எவ்வளவு வேகமாகப் போனீர்கள் என்பதைவிட, பிட்டில் எத்தனை முறை நின்றீர்கள் என்பதுதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கும்.

டேங்க்கை நம்பாதீங்க!

முதல் வேலை, உங்கள் கார் எவ்வளவு குடிக்கிறது என்று கண்டுபிடிப்பது. டேங்க்கை முழுசா நிரப்பி, பிராக்டீஸில் 20 நிமிஷம் ரேஸ் வேகத்தில் ஓட்டுங்கள். திரும்ப நிரப்பும்போது 10 லிட்டர் பிடித்தால், மணிக்கு 30 லிட்டர். டேங்க் 50 லிட்டர் என்றால், கணக்கில் 45 என்றே வையுங்கள். கடைசி சில லிட்டர் வளைவுகளில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை இழுக்கும், இன்ஜின் திக்கும்.

இப்போ கணக்கு

ரேஸ் 8 மணி நேரம். 'சாம்ப்கார்' என்ற இன்னொரு அமெச்சூர் தொடரில், பெட்ரோல் போட நின்றால் குறைந்தது 5 நிமிஷம் நின்றே ஆக வேண்டும். அந்த விதியையே எடுத்துக்கொள்வோம். 4 முறை நின்றால் 20 நிமிஷம் போச்சு. மீதி 460 நிமிஷம் ஓட 230 லிட்டர் வேண்டும். ஆனால், 5 டேங்க்குக்குக் கிடைப்பது 225 தான். அந்த 5 லிட்டருக்காக ஐந்தாவது முறையும் நிற்க வேண்டும்! ஒரு லேப்புக்கு 2 நிமிஷம் என்றால், இரண்டரை லேப் காலி.

தீர்வு சிம்பிள். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், பிரேக் பிடிக்கும் முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மணிக்கு 30 லிட்டர் என்பதை 29 ஆக்கினால் மொத்தம் 222 லிட்டரில் முடிந்துவிடும். இதனால் லேப்புக்கு அரை நொடி போனாலும், 230 லேப்பில் இழப்பு 2 நிமிஷத்துக்குள்தான். இங்கே பொறுமைதான் வேகம், பாஸ்!

எப்போ உள்ளே வரணும்?

டிரைவர் மாறுவதையும் பெட்ரோல் போடுவதையும் ஒரே ஸ்டாப்பில் முடியுங்கள். சாம்ப்காரில் ஒருவர் தொடர்ந்து 2 மணி நேரம்தான் ஓட்டலாம். உடம்புக்கும் அதுதான் நல்லது. விபத்து நடந்து மஞ்சள் கொடியில் எல்லோரும் மெதுவாக ஓடும் நேரத்தில், விதி அனுமதித்தால் உள்ளே வந்துவிடுங்கள். மற்றவர்களும் ஊர்ந்துகொண்டிருப்பதால், நீங்கள் இழக்கும் தூரம் குறைவு.

இங்கே மட்டும் அவசரம் வேண்டாம்

எஃப்1-ல் இரண்டு, மூன்று நொடியில் டயர் மாற்றுவதைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் கேனைத் தூக்காதீர்கள். அங்கே 2010 முதல் ரேஸின் நடுவே பெட்ரோல் போடுவதே இல்லை. உங்கள் பிட்டிலோ, கொதிக்கும் சைலன்ஸருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் ஊற்றுகிறீர்கள். சிந்தும் பெட்ரோலைவிட, கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும் அதன் ஆவிதான் ஆபத்து.

அதனால்தான் லெமன்ஸில், பெட்ரோல் போடும்போது டிரைவர் காரை விட்டு இறங்கியே ஆகணும். இன்ஜின் ஆஃப். ஊற்றுபவர் தலை முதல் கால் வரை தீ தாங்கும் உடையில் இருக்கணும். பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானைக் கையில் பிடித்தபடி நிற்கணும். அவருக்கு வேறு எந்த வேலையும் தரக்கூடாது. முதல் நாளே கேனில் தண்ணீர் நிரப்பி ஒத்திகை பாருங்கள்.

டிராக்கில் சேமித்த நிமிஷங்களை இங்கே தாராளமாகச் செலவு பண்ணுங்கள். லேப் போனால் பிடித்துக்கொள்ளலாம்.