அம்மாவும் உட்கார்ந்து சாப்பிடும் இனிப்பு

பெரம்பலூர் மாவட்டத்தில், வெள்ளாற்றின் கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. ஆற்றுக்கு அந்தக் கரையில் திட்டக்குடி. இந்தக் கரையில் லப்பைக்குடிக்காடு. முஸ்லிம் மக்கள் பெருவாரியாக வாழும் பேரூர் இது. பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். வீட்டையும், குழந்தைகளையும், வயதானவர்களையும் கவனிப்பது பெண்கள்தான்.

ரமலான் மாதத்தில் ஒரு நாள். மாலை நேரம். அப்படிப்பட்ட ஒரு வீட்டை மனக்கண்ணால் பாருங்கள்.

பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை வாங்கிவர, பையன் தூக்குவாளியுடன் ஓடுகிறான். பாட்டி பேரீச்சம் பழத்தை எடுத்து வைக்கிறாள். அம்மா அடுப்படியில் நிற்கிறாள். எண்ணெயில் வடை வேகிறது. அவளும் விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பாங்கு ஒலிக்கிறது. எல்லாரும் சுற்றி உட்காருகிறார்கள்.

"அம்மா, நீங்களும் வந்து உட்காருங்க!" என்கிறது குழந்தை.

"நீங்க நோன்பு திறங்க. இந்த ஈட்டை எடுத்துட்டு வந்துடறேன்" என்கிறாள் அம்மா.

ஒரு மிடறு தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, மறுபடியும் அடுப்பைப் பார்க்கிறாள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஒரு மதத்தாரின் கதையும் அல்ல. தீபாவளிக்கு மைசூர்பாகு கிளறுகிறவளும், பொங்கலுக்குப் பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளும் இவள்தான். குடும்பம் கூடி மகிழ வேண்டும் என்றுதான் பலகாரம் செய்கிறோம். செய்கிறவள் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை!

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் நோன்பு மாதத்தில் செய்யும் ஓர் இனிப்பே அந்த வழியைக் காட்டுகிறது. அதன் பெயர் கடற்பாசி.

கால் மணி நேர வேலை

மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டாலும் கொடுப்பார்கள். வெள்ளை இழை இழையாக, காய்ந்த புல் போல இருக்கும். எடை தெரியாது. 10 கிராம் பொட்டலம் ஒரு கை நிறைய வரும்.

வேண்டிய சாமான்கள்: கடற்பாசி 10 கிராம், தண்ணீர் 2 டம்ளர், பால் அரை லிட்டர், சர்க்கரை 100 கிராம், ஏலக்காய் இரண்டு. ஒரு டம்ளர் என்பது 200 மில்லி.

கடற்பாசியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி, அந்த 2 டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். கிள்ளிப் போடும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள். காய்ந்த இழையை வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது தொண்டையில் ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும்.

ஊறிய தண்ணீருடனேயே அடுப்பில் வைத்து, சிறு தீயில் கொதிக்க விடுங்கள். கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால், பத்து நிமிடத்தில் இழை தெரியாமல் கரைந்துவிடும். சர்க்கரையைச் சேர்த்துக் கரையுங்கள். இன்னோர் அடுப்பில் பாலைக் காய்ச்சி, சூடாகவே இதில் ஊற்றுங்கள். ஆறிய பாலை ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும். ஏலக்காயைத் தட்டிப் போட்டு, வடிகட்டித் தட்டில் ஊற்றுங்கள். அவ்வளவுதான். அடுப்பை அணைக்கலாம்!

நோன்பு வைத்திருப்பவர்கள் ருசி பார்க்க மாட்டார்கள். ஆகையால் சர்க்கரையை அளந்து போடுவது நல்லது. நோன்பு வைக்காத சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால், அதுதான் அன்றைய நீதிபதி!

பால் வேண்டாம் என்றால் இளநீர் சேர்க்கலாம். இளநீரைக் கொதிக்க விடாமல் இலேசாகச் சுட வைத்து ஊற்றினால் போதும். வழுக்கையையும் நறுக்கிப் போடலாம். எலுமிச்சம் பழச்சாறு போன்ற புளிப்பைக் கடற்பாசியோடு சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள். சரியாக உறையாது.

அடுப்பை அணைத்த பிறகு

இந்த இனிப்பின் பெருமை இனிமேல்தான் இருக்கிறது. பாகுப் பதம் பார்க்க வேண்டியதில்லை. எண்ணெய்ச் சட்டி முன்னால் வேக வேண்டியதில்லை. தட்டில் ஊற்றியதை அப்படியே விட்டுவிட்டால் தானே உறைகிறது.

ஏன் உறைகிறது? கடற்பாசியில் இருக்கும் பொருள், கொதிக்கும் தண்ணீரில் கரையும். ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத வலை போலப் பின்னிக்கொண்டு, பாலையும் நீரையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கெட்டியாகும். ஒரு முறை கெட்டியானால், சுமார் 85 டிகிரி சூடு வந்தால்தான் மறுபடி இளகும்!

ஆகையால் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். வெயில் கடுமையாக இருந்தால், தண்ணீர் ஊற்றிய அகலமான தாம்பாளத்தில் தட்டை வையுங்கள். பாலில் செய்ததால் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

பிற்பகல் மூன்று மணிக்குச் செய்து வைத்தால், பாங்கு ஒலிக்கும்போது வில்லை வில்லையாக வெட்டி எடுக்கலாம். நின்றுகொண்டு பரிமாற வேண்டிய அவசியம் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் பொடியாக நறுக்கிக் கொடுங்கள்.

கடலுக்குள் நிற்கும் பெண்கள்

லப்பைக்குடிக்காட்டில் கடல் இல்லை. ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் வெள்ளாறு, வெகு தூரம் போய் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. ஆனால் கடலின் விளைச்சல் ஊருக்குள் வந்துவிட்டது. அதைக் கொண்டுவருவது யார்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம் பக்கம் போனால் தெரியும். அங்கே கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் பெண்கள். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒரு பை. இவ்வளவுதான் அவர்களுடைய கருவி. மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கி, பாறையில் முளைத்த பாசியைக் கையால் பறிக்கிறார்கள். பாறை கையைக் கிழிக்கும். அலை காலை இடறும்.

அவர்கள் எடுக்கும் பாசிகளில் ஒன்றுக்கு மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர். இன்னொன்று கஞ்சிப்பாசி. இவற்றைக் காய வைத்து விற்கிறார்கள். ஆலையில் காய்ச்சி, வடிகட்டி, உலர்த்தினால் கடையில் நாம் வாங்கும் வெள்ளைச் சரக்கு கிடைக்கிறது.

1986-ம் ஆண்டில் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. அதன் பிறகு பாசி எடுக்கும் பெண்களுக்குப் பல கட்டுப்பாடுகள் வந்தன. பிழைப்பும் வேண்டும், கடலும் கெடக் கூடாது. என்ன செய்வது? பெண்களே கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்றும், பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடுவதில்லை என்றும் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் சின்னப்பாலம் கிராமத்து லட்சுமி மூர்த்தி. அமெரிக்காவில் உள்ள சீகாலஜி என்ற அமைப்பு, 2015-ம் ஆண்டு அவருக்குப் பரிசு கொடுத்துப் பாராட்டியது.

ஜெர்மனியில் ஒரு மனைவி

இன்னொரு பெண்ணின் கதையும் உண்டு. இது ஜெர்மனியில் நடந்தது.

1881-ம் ஆண்டு. ராபர்ட் கோச் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியின் சோதனைச்சாலையில், வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நோய்க் கிருமிகளைத் தட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்காக ஜெலட்டின் என்னும் பொருளைப் பயன்படுத்தினார்கள். அது மாட்டின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து எடுப்பது. வெயில் காலத்தில் அது உருகி ஓடியது. சோதனை பாழாயிற்று.

வால்தர் தம் மனைவி ஃபேன்னியைக் கேட்டார்: 'நீ செய்யும் இனிப்பு மட்டும் இந்த வெயிலில் எப்படி உருகாமல் இருக்கிறது?'

ஃபேன்னி காரணத்தைச் சொன்னார். அவர் சேர்த்தது கடற்பாசி! ஜாவாத் தீவில் வாழ்ந்திருந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து அந்தச் சமையல் ரகசியத்தை அவர் அறிந்திருந்தார்.

சமையலறைப் பொருள் சோதனைச்சாலைக்குப் போயிற்று. காசநோய்க் கிருமியைப் பற்றி 1882-ல் கோச் எழுதிய கட்டுரையில் இந்தப் பொருளைக் குறிப்பிட்டார். ஆனால் யோசனை சொன்ன பெண்ணின் பெயரை அதில் எழுதவில்லை. இன்றைக்கும் உலகமெங்கும் மருத்துவமனைகளில் கிருமியை வளர்த்துச் சோதிக்கும் தட்டுகளில் இருப்பது இதே கடற்பாசிச் சத்துதான்.

ஓர் இடம் ஒதுக்குங்கள்

பாசி எடுக்கிறவள் கடலில் நிற்கிறாள். யோசனை சொன்னவள் பெயர் இல்லாமல் நின்றாள். இனிப்புச் செய்கிறவள் அடுப்படியில் நிற்கிறாள். கடலில் நிற்பவளுக்கு இங்கிருந்து நம்மால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. நம் வீட்டு அடுப்படியில் நிற்பவளுக்குச் செய்யலாம்.

ரமலான் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போதும். குழந்தைகள் கிள்ளிப் போடட்டும். வீட்டில் இருக்கும் ஆண் பிள்ளை கரண்டியைப் பிடித்துக் கிளறட்டும். பத்து நிமிடம் கிளறினால் கை தேய்ந்துவிடாது! வெளிநாட்டில் இருக்கும் அத்தாவும் கைப்பேசியில் முகத்தைக் காட்டி, "எனக்கு எங்கே?" என்று கேட்கட்டும்.

தட்டு உறைந்ததும் வில்லை போடுங்கள். முதல் வில்லையை எடுப்பதற்கு முன்னால் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். அம்மா உட்கார்ந்துவிட்டாளா?

இல்லையென்றால், கூப்பிடுங்கள். வந்து உட்காரும் வரையில் யாரும் தொடாதீர்கள். கடற்பாசி ஆறிப் போய்விடாது. அது ஏற்கெனவே ஆறினதுதான்!